நாற்காலியில் அமர்ந்திருந்தார்

1

"எழுத்துல குடுங்க சார்."

இந்தக் கதை பிறந்தது இந்த ஒரு வரியிலிருந்துதான். வேறு ஊற்று எதுவும் கிடையாது. கனவில் யாரும் வந்து சொல்லவில்லை. ஒரு அரசு அலுவலகம், ஒரு மேசை, அந்தப் பக்கம் சண்முகவேல் என்ற அலுவலர், இந்தப் பக்கம் ஷெரில். அவளுடைய அண்ணன் கிளிஃபர்டுக்கு மாதாமாதம் வந்துகொண்டிருந்த மாற்றுத்திறனாளி உதவித்தொகை இரண்டு மாதமாக வரவில்லை. ஏன் என்று கேட்டாள்.

"நிறுத்தியாச்சும்மா."

"யாரு நிறுத்துனது?"

"மேல."

"மேலன்னா?"

சண்முகவேல் கூரையைப் பார்த்தார். அங்கே மின்விசிறிதான் இருந்தது, அதுவும் ஓடவில்லை.

அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள். எழுத்துல குடுங்க. என்ன காரணம், எந்த விதி, யார் கையெழுத்து, எல்லாம்.

(அலுவலகத்தின் பெயரையும் தெருவையும் போடவில்லை. போட்டால் அந்த ஒரு அலுவலகம்தான் இப்படி என்று மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள்.)

எது வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று அவளுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற அஃப்சருன்னிசா, பேச்சு வராத மகளுக்காகப் பல வருடமாக அங்கே நடப்பவர், காதோடு காதாகச் சொன்னார். "அழு கண்ணு, கால்ல விழு, சண்டை கூட போடு. எழுத்துல மட்டும் கேட்டுடாத. வாயால நிறுத்துனத வாயால வாங்கிடலாம். பேப்பர்ல ஏத்திட்டானுங்கன்னா அல்லாதான் வந்து எறக்கணும்." அம்மா மர்சலினும் கிளம்பும்போது அதையேதான் சொன்னாள். "நல்லா பேசிட்டு வாடி. காலேஜ் புத்திய காட்டாத."

ஷெரில்தான் அந்த வீட்டின் முதல் பட்டதாரி. காலேஜ் புத்தியைக் காட்டுவதற்குத்தானே மூன்று வருடம் படிக்க வைத்தார்கள்?

தொடக்கத்தை வேறு மாதிரியும் எழுதிப் பார்த்தேன்.

"சித்திரை வெயில் கபாலி கோயில் குளத்துப் படிகளில்" — நிறுத்திவிட்டேன். ஷெரிலின் வீடு கச்சேரி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருக்கிறது. அங்கிருந்து குளம் தெரியாது. மயிலாப்பூர் என்று எழுதினால் உடனே குளத்தைக் காட்டிவிட வேண்டும் என்று யார் சட்டம் போட்டது?

"நான் ஷெரில். எனக்கு ஒரு அண்ணன்" — இதையும் நிறுத்திவிட்டேன். 'நான்' போட்டு ஆரம்பித்தால் அடுத்த வரியில் 'மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன்' தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது, கடைசியில் 'ஆவன செய்யுமாறு பணிவுடன்' வந்து நிற்கிறது. மனு எழுதியே கை வீணாய்ப் போயிருக்கிறது. அதனால்தான் 'அவள்'. ஷெரில் நானா என்று கேட்காதீர்கள். கேட்டாலும் எழுத்தில் தரமாட்டேன்.

2

இப்போது கிளிஃபர்டை உங்களுக்குக் காட்ட வேண்டும். இங்கேதான் எனக்குச் சிக்கல்.

கிளிஃபர்டுக்கு வயது முப்பத்திரண்டு. சிறு வயதிலிருந்தே அவனுடைய தசைகள் ஒவ்வொன்றாக வேலையை விட்டுப் போய்க்கொண்டிருக்கின்றன. கால்கள் பள்ளிக்கூடத்திலேயே நின்றுவிட்டன. கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. படுக்கையிலிருந்து அவனாக எழுந்து உட்கார முடியாது. யாராவது தூக்கி உட்கார வைத்துவிட்டால் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பான்.

கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தச் சண்டையும் அந்த வரியில்தான் இருக்கிறது.

தூக்கி உட்கார வைப்பவன் சைஃப். ஒரு தனியார் நர்சிங் ஹோமில் வார்டு பாய். காலையில் டியூட்டிக்குப் போகும் வழியில் வருவான். கிளிஃபர்டின் இடுப்பில் அகலமான பெல்ட் ஒன்றைக் கட்டி, தன் முழங்காலை அண்டக் கொடுத்து, ஒரே மூச்சில் சக்கர நாற்காலிக்கு மாற்றுவான். சாயங்காலம் வந்து திரும்பப் படுக்க வைப்பான். உதவித்தொகை வந்ததும் அது அப்படியே சைஃப் கைக்குப் போகும். எவ்வளவு என்று எழுதமாட்டேன். எழுதினால் 'இதுக்கா இவ்வளவு பேச்சு' என்று சிலர் கேட்பார்கள். அவர்கள் ஒரு நாள் காலையிலிருந்து மாலை வரை மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும்.

இதுவரை எழுதியதைக் கிளிஃபர்டிடம் படித்துக் காட்டினேன். (ஆமாம், ஆள் இருக்கிறான். நம்பாவிட்டால், கதைக்காகவாவது இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

"இன்னாது இது? தசை வேலைய விட்டுப் போவுதா? என் உடம்பு இன்னா ஐடி கம்பெனியா?"

"நல்லா இல்லியா?"

"சோகமா கீது. ஹவுஸிய ஏன் போடல?"

போட்டுவிடுகிறேன். பங்குத் திருவிழாவில், அதாவது மாதா கோயில் திருவிழாவில், ஹவுஸி நடக்கும். மைக்கில் எண்களைக் கூப்பிடக் கூப்பிட, சீட்டில் அடித்துக்கொண்டே போகும் ஆட்டம். பல வருடமாக எண்களைக் கூப்பிடுவது கிளிஃபர்ட்தான். "ஒத்தையா நிக்குது ஒண்ணு, நம்ம ஆண்ட்ரூ மாதிரி, இன்னும் பொண்ணு கெடைக்கல!" என்பான். கன்னியாஸ்திரிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். இதற்காக அவனுக்குக் கிடைப்பது ஒரு தட்டு பிரியாணி.

"போட்டாச்சு. இதப் படிச்சிட்டு, மைக்ல பேசி சம்பாதிக்கிறான்னு எழுதிடுவாங்கடா."

"எழுதட்டும். எலும்பு எனக்கு, கறி ஃபாதருக்குன்னு சேர்த்து எழுதச் சொல்லு."

இதுதான் சிக்கல். அவனைச் சிரிக்க வைத்தால் 'நல்லாத்தானே இருக்கிறான்' என்கிறார்கள். அழ வைத்தால் அது அவனில்லை. கதை படிக்கிற நீங்களும், வீடு வந்து பார்த்து எழுதிக்கொண்டு போகிற ஒரு கள ஆய்வாளர்தான். எவ்வளவு வலியைக் காட்டினால் எனக்கு 'தகுதியானவர்' என்று முத்திரை குத்துவீர்கள்?

3

எழுத்தில் கேட்ட பிறகு பல வாரம் ஒன்றும் வரவில்லை.

"கேட்டே இல்ல, வெச்சாங்க பாரு" என்றாள் மர்சலின். சாம்பார் கிண்டிக்கொண்டே சொன்னாள், துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னாள், ஜெபமாலை முடிந்து சிலுவை போட்ட கையோடும் சொன்னாள்.

சைஃப் கொஞ்ச நாள் காசில்லாமல் வந்தான். அவனுக்கும் வீடு இருக்கிறது, பிள்ளை இருக்கிறது. ஒரு நாள் காலை கிளிஃபர்டை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் பெல்ட்டைக் கழற்றாமலே நின்றான்.

"மச்சி, கே.கே. நகர்ல ஒரு பெரியவரு. காலைல அந்த வூட்டுக்கு கூப்புடுறாங்க."

"போ நைனா. அவரு வாய் பேசுவாரா?"

"வாயே தொறக்க மாட்டாரு."

"அப்போ உனக்கு ஜாலிதான். காதுக்கு லீவு."

சைஃப் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. பெல்ட்டைச் சுருட்டிக் கட்டிலின் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனான்.

அடுத்த நாளிலிருந்து ஷெரிலும் மர்சலினும் போர்வையில் சுருட்டித் தூக்கினார்கள். ஷெரில் வேளச்சேரியில் ஒரு கால் சென்டரில் வேலை செய்கிறாள். ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் ஒரு நாள் பிடி நழுவியது. கிளிஃபர்டின் தாடை நாற்காலியின் கைப்பிடியில் இடித்து உதடு கிழிந்தது.

"வுடுங்க" என்றான் அவன். "படுத்துக்கினே கீறேன். இன்னா இப்போ, கூரையில புதுப் படம் போடப் போறாங்க."

டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார், நாள் முழுக்கப் படுத்தால் நெஞ்சில் சளி கட்டும், இவனுக்கு இருமித் துப்பவும் பலம் கிடையாது என்று. ஒரு வாரத்தில் இருமல் ஆரம்பித்தது.

அப்புறம்தான் தபாலில் வந்தது. கையெழுத்து, முத்திரை, எல்லாவற்றோடும். ஷெரில் வாசலில் நின்றபடியே படித்தாள்.

"கள ஆய்வின்போது பயனாளி நல்ல உடை அணிந்து நாற்காலியில் அமர்ந்திருந்தார். வீட்டில் சக்கர நாற்காலியோ இதர உபகரணங்களோ காணப்படவில்லை. யாரையும் எதிர்பார்த்து வாழவில்லை எனத் தாயார் தெரிவித்தார். எனவே தொடர் உதவி தேவையில்லை எனக் கருதி நிறுத்தம் செய்யப்படுகிறது."

"மம்மி" என்று கத்தினாள். "எப்ப மம்மி ஆளு வந்தாங்க?"

"யாரு வந்தா? ஒருத்தரும் வரலியே."

4

வந்தார்கள். மர்சலின் அவருக்குக் கேக் கொடுத்தாள். அன்றைக்கு வீட்டில் இல்லாத ஷெரில் பிறகு எல்லோரையும் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டது இது.

ஈஸ்டர் என்கிற உயிர்ப்புத் திருநாள் முடிந்ததும் பங்குச் சாமியார் தெருத்தெருவாக வீடு மந்திரிக்க வருவார். ஜெபம் சொல்லி, தீர்த்தம் தெளித்துவிட்டுப் போவார். அதற்கு முன்னால் பங்கிலிருந்து ஒருவர் வந்து எந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு போவார். அந்த வாரம் முழுக்கச் சந்தில் யார் வீட்டிலும் அழுக்குத் துணியைப் பார்க்க முடியாது. மாத்திரை டப்பா, பழைய பாய், கடன் சொல்லி வாங்கிய மிக்ஸி, எல்லாம் திரைக்குப் பின்னால் போய்விடும். ஃபாதர் கண்ணில் கஷ்டம் படக்கூடாது. பட்டால் ஞாயிற்றுக்கிழமை பூசையில் உங்கள் பெயரைச் சொல்லி ஜெபிப்பார், மொத்தப் பங்கும் திரும்பிப் பார்க்கும்.

அன்றைக்குச் சக்கர நாற்காலியைப் பக்கத்து வீட்டு ஆண்ட்ரூ தள்ளிக்கொண்டு போய்த் தன் வீட்டில் வைத்துக்கொண்டான். பெட்பேன் பீடத்துத் துணிக்குக் கீழே போனது, மாதாவின் காலடியில். பெல்ட் மெத்தைக்கு அடியில். கிளிஃபர்டுக்குத் தி.நகர் ரங்கநாதன் தெருவில் எடுத்த புது முழுக்கைச் சட்டை. செத்துப்போன அப்பா லூயிஸ் உட்கார்ந்த மர நாற்காலியில் சைஃப் அவனை உட்கார வைத்தான். அதில் பிடிமானம் இல்லை, சறுக்கிவிடுவான். அதனால் ஒரு நீளத் துண்டால் மார்போடு சேர்த்து நாற்காலி முதுகில் கட்டி, அதற்கு மேல் சட்டையை மாட்டினார்கள்.

கையில் ஃபைலோடு ஒருவர் வாசலில் வந்து நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் மர்சலின் கேக் தட்டை நீட்டிவிட்டாள்.

"வாங்க, உள்ள வாங்க. பேரெல்லாம் எழுதிக்கோங்க. இது எங்க பெரியவன் கிளிஃபர்ட். சின்னவ வேலைக்குப் போயிருக்கா."

"எப்படி இருக்கீங்க தம்பி?"

"சூப்பரா கீறேன் சார்."

"சாப்பாட்டுக்கு, செலவுக்கெல்லாம்…?"

"ஆண்டவர் நல்லா வெச்சிருக்காருங்க" என்றாள் மர்சலின். ஃபாதர் வீட்டிலிருந்து யார் வந்து கேட்டாலும் அந்தச் சந்தில் எல்லோரும் சொல்கிற பதில் அது. "யார் கையையும் எதிர்பாக்கல."

அவர் எழுதிக்கொண்டார். இன்னொரு துண்டு கேக்கும் சாப்பிட்டார். சட்டைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

ஆறு மணிக்குப் பங்கிலிருந்து உண்மையான ஆள் வந்தபோது மர்சலின், "இப்பத்தானேங்க ஒருத்தர் எழுதிக்கினு போனாரு" என்றாள். "வேற யாராச்சும் வந்திருப்பாங்க" என்றார் அவர். அத்தோடு மறந்துவிட்டார்கள்.

[இந்த இடத்தில் மர்சலின் தலையில் அடித்துக்கொண்டு அழுவதாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அவள் அழவில்லை. ஆணையைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அப்புறம், "நான் குடுத்த கேக்க தின்னுட்டா இப்டி எழுதுனான்?" என்றாள்.]

5

முதல் நான்கு பகுதிகளை அடையாறில் ஒரு வாசிப்புக் கூட்டத்தில் படித்தேன். நல்ல காபி கொடுத்தார்கள். காதி குர்தா போட்ட ஒருவர் மிகவும் மென்மையாகச் சொன்னார், "அந்தப் பொண்ணு கேரக்டர் ரொம்பக் கோபப்படுதும்மா. வாசகனுக்கு அவ மேல அனுதாபம் வர இடமே இல்லை. கொஞ்சம் உடையட்டுமே?"

எவ்வளவு உடைய வேண்டும் சார்? அலுவலகத்தில் இதற்கு ஒரு சதவீதம் உண்டு, இத்தனை சதவீதம் ஊனம் என்று. உங்களிடமும் இருந்தால் சொல்லுங்கள், சான்றிதழோடு வருகிறேன்.

அவரிடம் இதைச் சொல்லவில்லை, காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஷெரிலாக இருந்தால் சொல்லியிருப்பாள். அதற்காகவே அவளைத் திருத்தாமல் விட்டேன்.

அவளுக்கும் சந்தேகம் இல்லாமல் இல்லை. தூங்கும் அண்ணனின் நெஞ்சில் கரகரவென்று சத்தம் கேட்கும்போதெல்லாம், 'பல்லைக் கடித்துக்கொண்டு கெஞ்சியிருந்தால் என்ன' என்று நினைப்பாள். நினைத்துவிட்டு, அதற்கும் சேர்த்துக் கோபப்படுவாள்.

ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அலுவலகத்துக்கு ஒரே ஒரு கடிதம் போட்டாள். மேல்முறையீடு செய்யப் போகிறேன். என் அண்ணனை விசாரணைக்கு அழைத்து வருவேன். அவர் எப்படி உட்கார்ந்திருந்தார் என்பதை எல்லோர் முன்னாலும் சட்டையைக் கழற்றிக் காட்டுவோம்.

மூன்றாம் நாள் சண்முகவேல் போன் செய்தார். குரலில் சர்க்கரை.

"ஒரு தடவை வந்துட்டுப் போங்கம்மா. அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. அப்படியே அந்த ஆர்டரையும் எடுத்துட்டு வாங்க."

6

சண்முகவேலை வில்லனாக எழுத எனக்கு ஆசைதான். முடியவில்லை. மர்சலினுக்கு மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். மின்விசிறி அன்றைக்கு ஓடியது.

"பாருங்கம்மா, மேல்முறையீடு, விசாரணைன்னு போனா மாசக்கணக்காகும். உங்களுக்கும் அலைச்சல், எங்களுக்கும் கேள்வி. அந்த ஆர்டரை எங்கிட்ட குடுத்துடுங்க. அது வந்ததாவே இருக்க வேண்டாம். அம்மா இதுல ஒரு கையெழுத்துப் போடட்டும், தம்பியப் படுக்க வெச்சு ஒரு போட்டோ. அடுத்த மாசமே பணம் வந்துடும். என் பொறுப்பு."

அச்சடித்த தாள். பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. ஷெரில் வாய்விட்டுப் படித்தாள்.

"என் மகன் படுத்த படுக்கையாக உள்ளார். எழுந்து அமரவோ, பிறருடன் பேசவோ, சுயமாக எந்த முடிவும் எடுக்கவோ இயலாதவர். என் அறியாமையால் கள ஆய்வாளரிடம் தவறான தகவல் அளித்துவிட்டேன். கருணை கூர்ந்து…"

"குடுங்க சார், நான் போடுறேன்" என்று மர்சலின் பேனாவை எடுத்துவிட்டாள்.

ஷெரில் தாளின் மேல் கையை வைத்தாள். "இரு மம்மி. ஆளு உயிரோடதானே கீறான். அவன கேக்கணும்."

போனைப் போட்டு, குரல் எல்லோருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தாள். கிளிஃபர்ட் இருமிவிட்டுப் பேசினான்.

"சொல்லுடி."

"படுத்த படுக்கைன்னு எழுதியிருக்காங்க."

"கரெக்ட்டு. இவங்க தயவுல இப்ப அப்டித்தானே கீறேன். போட்டுக்கோ."

"பேச இயலாதவர்."

"யாரு, நானா?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டு, குனிந்துகொண்டார்.

"சுயமா எந்த முடிவும் எடுக்க இயலாதவர்."

இந்த முறை அவன் ஷெரிலிடம் பேசவில்லை.  

"சார் கீறாரா? சார், வணக்கம். அந்த ரெண்டு வரிய மட்டும் எடுத்துடுங்க. போட்டோ எடுத்துக்கோங்க, மூஞ்ச எப்டி வேணா வெச்சிக்கிறேன். நல்லா நடிப்பேன்."

"தம்பி, இது எல்லாருக்கும் ஒரே ஃபார்ம்தான். சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

"சரிங்க சார். நாளைக்கு பேங்க்ல இந்தப் பேப்பர காட்டி, 'உனக்குத்தான் முடிவெடுக்கத் தெரியாதே, அம்மாவ கூப்புடு'ன்னா? ஆஸ்பத்திரில என்னைய கேக்காம, மூச்சு வுடன்னு கழுத்துல ஓட்ட போட்டா? ஓட்டு போடப் போனா, 'நீ போ நைனா'ன்னா? அதுவும் ஃபார்மாலிட்டியா?"

சண்முகவேல் டீ டம்ளரைத் தள்ளி வைத்தார். டீயில் ஆடை படிந்திருந்தது.

"ஷெரிலு, வேணாம்."

"அண்ணே, சைஃப் வரமாட்டான்."

"தெரியும்."

"சளி—"

"நான்தானேடி இருமுறேன். எனக்குத் தெரியாதா? வேணாம்." அதற்கு மேல் இருமல்தான் கேட்டது. ஷெரில் போனை எடுத்துக் கையில் பொத்திக்கொண்டாள்.

மர்சலின் பேனாவை வைக்கவில்லை. அவள் சண்முகவேலைப் பார்த்துப் பேசவில்லை, மகளைப் பார்த்துத்தான் பேசினாள். "அவன் சொல்லுவான். நீயும் சொல்லுவ. ரயிலேறிப் போய்டுவ. தூக்குறது யாரு? நான். எனக்கு இடுப்பு கீதா, போயிடுச்சான்னு ஒருத்தராச்சும் ஃபார்ம் நீட்டுனீங்களா?"

  இந்தப் பக்கத்தில் பல நாள் கதை நின்றுபோய்க் கிடந்தது.

"நான் தூக்குறேன் மம்மி" என்றாள் கடைசியில். "மத்தியான ஷிஃப்டு வாங்கிக்கிறேன். சைஃப்கிட்ட பெல்ட்டு போட கத்துக்கிறேன்."

"எத்தினி நாளைக்கு?"

"கேஸ் முடியிற வரைக்கும்."

"முடியலன்னா?"

7

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன். மறைக்காமல் காட்டுகிறேன்.

முதல் முடிவு. சண்முகவேலின் கண்கள் கலங்குகின்றன. அவர் அந்தத் தாளை எடுத்துச் சுக்குநூறாகக் கிழித்து — இல்லை. அவர் கிழித்தால் நீங்கள் புத்தகத்தை மூடிவிட்டு, 'நல்ல அதிகாரிகளும் இருக்கிறார்கள்' என்று சொல்லிக்கொண்டு போய்விடுவீர்கள். அவர் நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்தான் அந்தத் தாளை நீட்டினார்.

இரண்டாம் முடிவு. விசாரணைக்கு முந்தைய நாள் கிளிஃபர்ட் இறந்துபோகிறான். மழை பெய்கிறது. பணம் அவன் கணக்கில் வந்து சேர்கிறது. இதைப் படித்துவிட்டு அவன் சொன்னது: "இன்னாடி, பேனாவ குடுத்தா ஆளையே காலி பண்ணிட்ட? கோர்ட்டுல ஜெயிக்கிறது கஷ்டம்னா என்னைய சாவடிச்சிடுவியா?"

மூன்றாம் முடிவு. ஷெரில் கையெழுத்துப் போட விடுகிறாள். அடுத்த மாதமே சைஃப் வருகிறான், கிளிஃபர்ட் நாற்காலியில் உட்காருகிறான், எல்லோரும் பிரியாணி சாப்பிடுகிறார்கள். இதை எழுதும்போதுதான் அதிகம் அடித்துத் திருத்தினேன். இதில் பொய் எதுவும் இல்லை. சந்தில் இருக்கிறவர்களைக் கேட்டால் பாதிப் பேருக்கு மேல் இந்த முடிவைத்தான் எடுப்பார்கள். எடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் இதில் கிளிஃபர்டுக்கு ஒரு வசனம் எழுத முயன்றேன். எழுத முடியவில்லை. பேச இயலாதவர் என்று மேலே கையெழுத்தாகியிருக்கிறது.

(நான்காவதாக, மேல்முறையீட்டை விசாரிக்கும் ஆணையர் முன்னால் கிளிஃபர்ட் நீளமாகப் பேசுவதுபோல ஒன்று இருந்தது. கைதட்டல்கூட வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது, எடுத்துவிட்டேன்.)

8

ஷெரில் ஆணையை மடித்துப் பைக்குள் வைத்தாள். அது திரும்பக் கைக்கு வராமல் சண்முகவேலின் ஏற்பாடு நடக்காது. வெறும் கையெழுத்தால் பணம் வராது. ஆனால் 'முடிவெடுக்க இயலாதவர்' என்கிற தாள் கோப்பில் ஏறிவிடும். அவளுக்கு அது தெரியும். மர்சலினுக்குத் தெரியுமா என்பதுதான் தெரியாது.

"அவசரப்படாதீங்கம்மா" என்றார் சண்முகவேல். "வீட்டுக்குப் போய் நிதானமா யோசிச்சிட்டுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு சார்."

"தோத்துட்டீங்கன்னா ஒரு பைசா வராது. அப்புறம் எங்கிட்ட வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"வரமாட்டேன் சார். அடுத்த தடவ விசாரணைல பாப்போம். எங்கண்ணன் உக்காந்துதான் வருவான். நீங்க ஆய்வுக்கு அனுப்புனவரையும் கூட்டினு வாங்க. அந்தத் துண்ட அவரே அவுக்கட்டும்."

குரலை உயர்த்தவில்லை. நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளி எழுந்தாள்.

"மம்மி, நான் போறேன். வரியா?"

மர்சலின் கையில் பேனா இருந்தது, மூடி கழற்றியபடி. மேசைமேல் தாள் இருந்தது. ஷெரில் கொஞ்சம் நின்றாள். அப்புறம் திரும்பி நடந்தாள். வரிசையில் நின்றவர்கள் வழி விட்டார்கள்; ஒரு பெண், "இன்னாச்சும்மா, குடுத்தாங்களா?" என்று கேட்டாள். "குடுக்கல. வாங்கிப்பேன்" என்று சொல்லிவிட்டு ஷெரில் படியிறங்கினாள்.

மர்சலின் பேனாவைக் கீழே வைத்தாளா, கையெழுத்துப் போட்டாளா என்று என்னைக் கேட்காதீர்கள். இந்தக் கதை முதல் வரியிலிருந்தே ஷெரிலோடு ஒட்டித்தான் வருகிறது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் எனக்கும் தெரியாது. மர்சலினுக்குப் பக்கத்தில், ஷெரில் எழுந்துபோன நாற்காலி இப்போது உங்களுடையது. மர்சலினுக்கு இடுப்பு வலிக்கிறது, சண்முகவேல் நல்லவர், தாளில் இன்னும் பெயர் எழுதவில்லை. அவளிடம் என்ன சொல்லப் போகிறீர்கள்?

ஷெரில் தெருவைக் கடந்துவிட்டாள். நான் அவளோடு போகிறேன். நீங்கள் உள்ளே இருங்கள்.